பழைய லிங்கன், பழைய கேடிலாக்: வாங்கலாமா, வைத்திருக்கலாமா?

ஐந்தாறாயிரம் டாலருக்குக் கிடைக்கும் பழைய அமெரிக்கச் சொகுசு கார்களைப் பற்றி அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்மாதம் பதில் அளிக்கிறேன். பெரும்பாலான கடிதங்களுக்கும் அடியில் ஒரே கணக்குதான் இருக்கிறது. புதிதாக 50,000 டாலரை ஒட்டி விற்ற கார், பதினைந்து ஆண்டுகளில் அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் அதன் உதிரி பாகங்களும் மெக்கானிக்கின் கூலியும் அப்படி இறங்குவதில்லை. ஆகவே விலையையும் மைலையும் பார்ப்பதற்கு முன், பானெட்டுக்கு அடியில் எந்த எஞ்சின் இருக்கிறது, அதற்கு எந்த நோய் வரும் என்பதைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: 2007ஆம் ஆண்டு லிங்கன் டவுன் கார் ஒன்று, 92,000 மைல் ஓடிய நிலையில், விலைக்கு வருகிறது. ஊரிலிருந்து பெற்றோர் ஆறு மாதம் வந்து தங்கவிருப்பதால், அவர்கள் வசதியாக உட்காரும்படியான பெரிய காராக வாங்க நினைக்கிறேன். “பெட்ரோல் குடிக்கும், பழைய கார், வேண்டாம்” என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், ட்ராய், மிச்சிகன்

பதில்: பழைய அமெரிக்கச் சொகுசு கார்களில் துணிந்து வாங்கத் தக்கது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். காரணம் அதன் சொகுசு அன்று, அதன் எளிமை. தனிச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திய பழைய முறைக் கட்டமைப்பு, பின்சக்கர இயக்கம், 4.6 லிட்டர் வி8 எஞ்சின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக் ஆகிய இவை அனைத்தும் லிங்கனைத் தயாரிக்கும் ஃபோர்டின் கிரவுன் விக்டோரியாவுக்கும் மெர்குரி கிராண்ட் மார்க்கீக்கும் பொதுவானவை. காவல்துறையும் டாக்சி நிறுவனங்களும் லட்சக்கணக்கில் ஓட்டிய கார்கள் அவை என்பதால், 2011இல் கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையில் உற்பத்தி நின்றுபோன பிறகும் பாகங்கள் மலிவாகக் கிடைக்கின்றன; இந்த எஞ்சினில் கை வைக்காத மெக்கானிக்கும் அங்கே அரிது.

பெட்ரோல் கணக்கைப் பயத்தால் போடாமல் காகிதத்தில் போடுங்கள். டவுன் கார் நகரத்தில் கேலனுக்குச் சுமார் 16 மைலும், நெடுஞ்சாலையில் 24 மைலும் தரும். கலந்து ஓட்டினால் 19 என்று கொள்ளலாம். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுபவருக்குச் சுமார் 630 கேலன் வேண்டும். கேலனுக்கு 30 மைல் தரும் சிறிய காருக்கு 400 கேலன் போதும். வேறுபாடாகிய 230 கேலனின் விலையை, புதிய காருக்குக் கட்டும் மாதத் தவணையோடும், அது முதல் ஆண்டிலேயே இழக்கும் மதிப்போடும் வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 25,000 மைல் ஓட்டுபவராக இருந்தால் நண்பர்கள் சொல்வது சரி. இல்லாவிட்டால் அவர்கள் சொல்வது பாதி உண்மைதான்.

உங்களுக்கு உண்மையான பகை பெட்ரோல் அன்று, உப்பு. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கும் மாநிலத்தில், குளிர்காலச் சாலைகளில் அதைத் தாராளமாகவே தூவுகிறார்கள். மேலே வண்ணம் பளபளக்கும் காரின் அடிச்சட்டம் பொருக்குப் பொருக்காக உதிர்வதும், சட்டத்தை ஒட்டிச் செல்லும் பிரேக் குழாய்கள் அரித்துத் திடீரென ஓட்டையாவதும் அங்கே சாதாரணம். காரை லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். பின்சக்கரத் தாங்கிகள் சட்டத்தோடு சேரும் இடங்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்பாகம் முழுவதும் அண்மையில் கறுப்புப் பூச்சு பூசப்பட்டிருந்தால் அதைப் பராமரிப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், எதை மறைக்கப் பூசினார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் டென்னசி, ஜார்ஜியா போன்ற தென்மாநிலத்திலேயே ஓடிய கார் ஒன்றைத் தேடி ஓட்டி வருவது, பயணச் செலவைச் சேர்த்தாலும் லாபமே.

எஞ்சினைப் பொறுத்தவரை 2007 நல்ல ஆண்டு. 1998 முதல் 2001 வரை வந்த டவுன் கார்களில், கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பாயும் பாதையையும் சேர்த்து முழுவதும் பிளாஸ்டிக்கால் வார்த்த இன்டேக் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) விரிசல் விட்டுக் கூலண்டை வெளியேற்றியது. வழக்கு வரை போன அந்தக் குறைக்குப் பிறகு அவ்விடத்தில் அலுமினியம் வந்தது. ஸ்பார்க் பிளக் இறங்கும் துளையில் மரை போதாமல் பிளக் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்ததும் அந்தக் காலத்து எஞ்சின்களில்தான். உங்கள் காரில் 1,00,000 மைலை ஒட்டிப் பிளக்குகளை மாற்ற வேண்டியிருக்கும். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகே கழற்றச் சொல்லுங்கள். எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் ஆசை வேண்டாம். பிளக் குழிகளில் நீர் தங்கினால் அன்றே எஞ்சின் திணறத் தொடங்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது 40, 50 மைல் வேகத்தில் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்திப் பிடியுங்கள். சாலையோரத்து வரித்தடத்தின் மேல் ஓடுவது போன்ற நடுக்கம் சில விநாடிகள் வந்து மறைந்தால், அது பெரும்பாலும் கியர்பாக்ஸ் ஆயிலின் முதுமை. மெர்கான் வி ஆயிலை முழுமையாக மாற்றினாலே பல கார்களில் அது சரியாகிவிடும். 50,000 மைலுக்கு ஒருமுறை அதை மாற்றுவதைப் பழக்கமாக்குங்கள். எஞ்சினுக்கு 5டபிள்யூ-20 ஆயில், ஆறு குவார்ட்.

கடைசியாக ஒரு பரிசோதனை: அந்தக் கார் விமான நிலைய வாடகைக்கு ஓடியதா என்று பாருங்கள். பின்கதவுகளின் கைப்பிடியும் மிதியடியும் முன்கதவுகளைவிட அதிகம் தேய்ந்திருந்தால், முன் உரிமையாளர் ஒரு நிறுவனமாக இருந்தால், மைல் கணக்கு மட்டும் போதாது. பயணிக்காகக் காத்து நின்றபடி மணிக்கணக்கில் ஓடிய எஞ்சினின் உழைப்பு ஓடோமீட்டரில் ஏறுவதில்லை. அத்தகைய காரை ஒதுக்க வேண்டும் என்பதில்லை, ஏனெனில் பல நிறுவனங்கள் ஆயிலை ஒழுங்காகவே மாற்றியிருக்கும். ஆனால் ரசீதுகளைக் காட்டச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: என்னுடைய 2005 டவுன் காரின் பின்பக்கம், இரவில் நிறுத்தி வைத்தால் காலையில் தரையை நோக்கி அமர்ந்துவிடுகிறது. காற்றுப் பைகளை எடுத்துவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வதைக் கேட்கலாமா?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அவசரப்பட வேண்டாம். டவுன் காரின் பின்னால் இரும்புச் சுருளுக்குப் பதில் ரப்பர் பைகள் உள்ளன. டிக்கியில் சுமை ஏறினால் ஒரு சிறிய கம்ப்ரஸர் காற்றை நிரப்பிக் காரைச் சமமாக நிறுத்துகிறது. இந்த ஏற்பாட்டில் முதலில் கெடுவது பெரும்பாலும் மிக மலிவான பாகமே. ஒவ்வொரு பையிலும் காற்றை அடைத்துத் திறக்கும் ஒரு சோலனாய்டு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள் காய்ந்து சுருங்கினாலும் கார் இரவில் இறங்கும். சோப்பு நீரைப் பையின் மடிப்புகளிலும் சோலனாய்டைச் சுற்றியும் தெளித்தால், குமிழி எங்கே வருகிறதோ அங்கே கசிவு. வளையத்தில் என்றால் சில டாலரில் முடியும். மடிப்பில் வெடிப்பு தெரிந்தால் இரண்டு பைகளையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏனெனில் மற்றொன்றின் வயதும் அதுவேதான்.

தள்ளிப்போடக் கூடாததற்குக் காரணம் கம்ப்ரஸர். கசிவை ஈடுகட்ட அது ஓயாமல் ஓடி, ஒரு நாள் எரிந்துபோகும். அப்போது சின்னச் செலவு பெரிய செலவாகும். இரும்புச் சுருள் மலிவுதான், பழுதும் இல்லை. ஆனால் நான்கு பேரும் நான்கு பெட்டிகளும் ஏறினால் கார் பின்னால் தாழ்ந்து, முகப்பு விளக்கு எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கும். எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தனியே வேலை செய்ய வேண்டியிருக்கும். மெத்தென்ற அந்த ஓட்டத்துக்காகத்தானே இக்காரை வைத்திருக்கிறீர்கள்? காரைப் பத்தாண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் காற்றுப் பையே போடுங்கள். அடுத்த ஆண்டு விற்கப் போகிறீர்கள் என்றால் மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள்.

எப்படியாயினும், காரை ஜாக்கியில் தூக்குவதற்கு முன்பும் இழுவை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பும் டிக்கிக்குள் இருக்கும் ஏர் சஸ்பென்ஷன் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். டயர் கடைக்காரர்கள் பலருக்கு இது தெரியாது, நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 2008 கேடிலாக் டிடிஎஸ், 78,000 மைல், உட்புறம் புதியது போல இருக்கிறது, விலை 4,500 டாலர்தான். “நார்த்ஸ்டார் எஞ்சின், ஓடிப் போ” என்று அலுவலக நண்பர் சொல்கிறார். அவ்வளவு மோசமா?
– ஒரு வாசகர், ஹியூஸ்டன், டெக்சாஸ்

பதில்: உங்கள் நண்பர் டிடிஎஸ்ஸின் முன்னோடியான, அதைவிடப் பத்தாண்டு பழைய டிவில்லைப் பற்றிச் சொன்னால் முற்றிலும் சரி, 2008ஐப் பற்றிச் சொன்னால் சற்று மிகை. 1993ஆம் ஆண்டு மாடலில் அறிமுகமாகி 2011 வரை வந்த நார்த்ஸ்டார், நான்கு கேம்ஷாஃப்ட்களும் (வால்வுகளைத் திறக்கும் தண்டுகள்) முப்பத்திரண்டு வால்வுகளும் கொண்ட அருமையான வடிவமைப்பு. அதன் குறை அலுமினிய பிளாக்கில் இருந்தது. சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்களின் மரை நெருக்கமாகவும் மெல்லியதாகவும் இருந்ததால், ஆண்டுக்கணக்கான சூட்டில் அலுமினியம் தளர்ந்து மரையோடு பிடுங்கிக்கொண்டது. போல்ட் தளர்ந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே அடைக்கும் கேஸ்கெட் தாங்காது, சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகும், எஞ்சின் கொதிக்கும். புதிய கேஸ்கெட் மட்டும் போட்டு இறுக்கினால் அந்த மரை மீண்டும் பிடுங்கும். எல்லாத் துளைகளையும் அகலப்படுத்தி உலோக உறைகளோ, தடித்த ஸ்டட்களோ பொருத்தினால்தான் நிலைக்கும். முன்சக்கர இயக்கக் கார் என்பதால் எஞ்சினைக் கீழ்வழியாக இறக்க வேண்டும். இந்த வேலையின் கூலி நீங்கள் கொடுக்கப்போகும் 4,500 டாலரை எளிதில் எட்டிவிடும்.

2000களின் நடுவில் மரை அகலமான போல்ட்கள் வந்தபின் இந்த நோய் வெகுவாகக் குறைந்தது. ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். எனவே சோதித்து வாங்குங்கள். நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் வேறு நாள் வாருங்கள். பிறகு கூலண்ட் தொட்டியின் வாயில் வைத்துச் சோதிக்கும் ரசாயனக் கருவியைப் பயன்படுத்துங்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் அதன் நீல நீர் மஞ்சளாகும். உதிரி பாகக் கடைகளில் முன்பணம் கட்டினால் இக்கருவி இரவலாகவும் கிடைக்கும். அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி, ஒரு மேட்டில் ஏற்றி, வெப்பமானியைக் கவனியுங்கள். எஞ்சினின் கீழ்ப்பாதி மேல்பாதியோடு சேரும் விளிம்பில் ஆயில் கசிகிறதா என்று லிஃப்டில் பார்க்கச் சொல்லுங்கள்; அந்தக் கசிவையும் எஞ்சினை இறக்காமல் அடைக்க இயலாது. லேசான ஈரத்தை நான் பொருட்படுத்த மாட்டேன், சொட்டினால் விட்டுவிடுவேன்.

வாங்கிவிட்டால் டெக்ஸ்-கூல் கூலண்டை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், வி வடிவப் பள்ளத்தில் இருக்கிறது. அது கெட்டால் மெக்கானிக் கேட்கும் கூலியைக் கண்டு ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். கூலண்ட் முழுவதும் போய்விட்டாலும், சிலிண்டர்களை மாற்றி மாற்றி எரியவிட்டு, மற்றவற்றைக் காற்றால் குளிர்வித்துக் காரை வீடு சேர்க்கும் ஏற்பாடு இந்த எஞ்சினில் உண்டு. அது அவசரத்துக்குரியது, அதை நம்பி ஓட்டுவது எஞ்சினைக் கொல்வதாகும்.

ஹியூஸ்டன் என்பதால் இன்னொன்று: 2017 ஆகஸ்ட்டில் ஹார்வி புயல் வெள்ளத்தில் அங்கே ஏராளமான கார்கள் மூழ்கின. டைட்டிலில் (காரின் உரிமைப் பத்திரம்) வெள்ளச் சேதக் குறிப்பு இல்லாவிட்டாலும், மாநிலம் மாறிப் பதிவானபோது அது அழிந்திருக்கலாம். முன்இருக்கையின் அடித்தண்டவாளத்தில் துருவும், ஸ்பேர் டயர் குழியில் வண்டலும், சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்தால் அடிப்பகுதியில் கறையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 2008 கேடிலாக் சிடிஎஸ் காரில் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிகிறது. பி0017 என்று குறியீடு வந்தது. சென்சர் மாற்றினால் போதுமா?
– ஒரு வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

பதில்: போதும் என்று சொல்லவே ஆசை, ஆனால் பெரும்பாலும் போதாது. உங்கள் காரின் 3.6 லிட்டர் வி6 எஞ்சினில், வால்வுகள் திறக்கும் நேரத்தைப் பிஸ்டன்களின் ஓட்டத்தோடு பொருத்தும் மூன்று டைமிங் செயின்கள் உள்ளன. அந்த ஆண்டுகளில் வந்த எஞ்சின்களில் இச்செயின்கள் தேய்ந்து நீண்டு, கிராங்க்ஷாஃப்டும் கேம்ஷாஃப்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவது நன்கு அறியப்பட்ட குறை. பி0008, பி0009, பி0016 முதல் பி0019 வரையிலான குறியீடுகள் அதைத்தான் சொல்கின்றன. ஆயிலை நீண்ட நாள் மாற்றாமல் ஓட்டியது இதற்கு முக்கியக் காரணம் என்று கண்ட, கேடிலாக்கைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ், ஆயில் மாற்றும் நேரத்தைக் காட்டும் மென்பொருளையே திருத்தி, இடைவெளியைக் குறைத்தது. சில ஆண்டுக் கார்களுக்குச் சிறப்பு உத்தரவாதமும் தந்தது, ஆனால் உங்கள் காருக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது.

முதலில் ஆயிலின் அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் நிரப்புங்கள், மாற்றி நாளாகியிருந்தால் மாற்றுங்கள். அதன்பின்பும் குறியீடு திரும்பினால், செயின், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், வழிகாட்டிகள் அனைத்தையும் ஒன்றாக மாற்றும் செலவையும் காரின் இன்றைய விலையையும் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். சரி செய்யாமல் அதே நிலையில் ஓட்டுவது மட்டும் கூடாது. செயின் பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

கேள்வி: தம்பி படிப்புக்காக 2008 கிரைஸ்லர் 300 வாங்கியிருக்கிறான். ஏர்பேக் ரீகால் (குறையுள்ள பாகத்தை மாற்ற நிறுவனமே காரைத் திரும்ப அழைப்பது) பாக்கி இருப்பதாக அறிவிப்பு வந்தது. செமஸ்டர் விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, அட்லாண்டா, ஜார்ஜியா

பதில்: கூடாது. இன்றிலிருந்தே அந்தக் காரை எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். 2005 முதல் 2010 வரையிலான கிரைஸ்லர் 300 உள்ளிட்ட கார்களில் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் வெடித்து உலோகத் துண்டுகள் பாய்ந்து உயிர்கள் போயிருப்பதால், பழுது நீக்கும் வரை அவற்றை ஓட்டவே வேண்டாம் என்று 2022 நவம்பரிலேயே எச்சரிக்கை வந்தது. மாற்றித் தருவது இலவசம். காரை நீங்களே ஓட்டிச் செல்லாமல், எடுத்துச் செல்ல வழி உண்டா என்று டீலரிடம் கேளுங்கள்.

கேள்வி: பழையது வேண்டாம் என்று 2017 லிங்கன் கான்டினென்டல், 3.7 லிட்டர் எஞ்சினுடன் பார்க்கிறேன். டர்போ இல்லாததால் தொல்லை குறைவு என்று கேள்விப்பட்டேன்.
– ஒரு வாசகர், இர்விங், டெக்சாஸ்

பதில்: டர்போ இல்லாதது உண்மை. ஆனால் இந்தக் காரில் குறுக்குவாட்டில் அமர்ந்துள்ள 3.7 எஞ்சினின் வாட்டர் பம்ப் எஞ்சினுக்கு உள்ளே, டைமிங் செயினால் சுழல்கிறது. வெளியே பெல்ட்டில் ஓடும் பம்ப் கசிந்தால் தரையில் சொட்டும், அதிக நஷ்டமில்லை. உள்ளே இருக்கும் பம்ப் முற்றிலும் தோற்றால் கூலண்ட் ஆயிலில் கலந்து, பேரிங்குகளைத் தின்றுவிடும். ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் உள்ள சிறு துளையில் கூலண்ட் கறை தெரிந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. மாதம் ஒருமுறை கூலண்ட் அளவைக் குறித்து வையுங்கள்; காரணமின்றிக் குறைந்தால், ஆயில் குச்சியில் பால் கலந்தது போல நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். என் தேர்வு 2.7 லிட்டர் டர்போ. அதன் பம்ப் வெளியே இருக்கிறது, ஓட்டமும் சிறப்பு. மின்சாரத்தால் திறக்கும் கதவுப் பூட்டுகளுக்கு ஒரு ரீகால் வந்தது, அது முடிந்ததா என்பதை வின் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் உரிய அடையாள எண்) கொடுத்துச் சரிபாருங்கள். 2020க்குப் பின் அமெரிக்காவில் இந்தக் கார் வரவில்லை. இயந்திர பாகங்கள் மற்ற ஃபோர்டுகளோடு பொதுவானவை, ஆனால் கதவு, விளக்கு, உட்புற அலங்காரம் ஆகியவை இதற்கே உரியவை என்பதால், சின்ன மோதலுக்கும் காப்பீட்டில் மோதல் சேதப் பாதுகாப்பை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: டைட்டிலில் ஓடோமீட்டர் பகுதியில் ‘விலக்கு’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. மோசடியா?
– ஒரு வாசகர், ஷார்லட், வட கரோலினா

பதில்: அதனாலேயே மோசடி என்று சொல்ல முடியாது. 2010 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களை விற்கும்போது மைல் கணக்கைச் சான்றளிக்க வேண்டிய கட்டாயம் கூட்டரசுச் சட்டத்தில் இப்போது இல்லை. 2011 மாடலிலிருந்து இருபதாண்டுகளுக்கு அது கட்டாயம் என்று 2021 ஜனவரி முதல் விதி மாறியிருக்கிறது. வின் எண்ணின் பத்தாவது எழுத்து ‘ஏ’ (A) என்றால் 2010, ‘பி’ (B) என்றால் 2011. ‘பி’ இருந்தும் விலக்கு என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். விலக்கு உள்ள காரில் முகப்பில் தெரியும் எண்ணை நம்பி விலை கொடுக்காமல், ஆயில் மாற்றிய ரசீதுகளிலும் மாநிலச் சோதனைச் சான்றுகளிலும் பதிவான மைல்களை ஆண்டு வரிசையில் ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஃப்ளோரிடாவில் ஒரு முதியவரின் கராஜில் இருந்த 2010 டவுன் கார், வெறும் 31,000 மைல். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?
– ஒரு வாசகி, டாம்பா

பதில்: கண்ணைத் திறந்துகொண்டு டயரைப் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3512 என்றால் 2012ஆம் ஆண்டின் 35வது வாரம். டயரின் பட்டன்கள் ஆழமாக இருந்தாலும் பத்தாண்டு தாண்டிய டயரில் நெடுஞ்சாலை ஏறக் கூடாது. நான்கு டயர்கள், பேட்டரி, கூலண்ட், பிரேக் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பெல்ட், ரேடியேட்டர் குழாய்கள் ஆகியவற்றை முதல் மாதத்திலேயே மாற்றும் செலவைக் கணக்கிட்டு, விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். காற்றுப் பைகள் ஓடிய மைலால் அன்றி வயதாலேயே கெடுபவை என்பதால், நியூ ஜெர்சி வாசகிக்குச் சொன்ன சோப்பு நீர்ச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். இத்தனைக்கும் பிறகு கணக்கு ஒத்துவந்தால் இதைவிட நல்ல டவுன் கார் கிடைப்பது கடினம்.

கேள்வி: வேலை முடிந்து ஊர் திரும்பும்போது என் டவுன் காரைச் சென்னைக்குக் கப்பலில் கொண்டுவர முடியுமா?
– ஒரு வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: முடியாது. பயன்படுத்திய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர, அது தயாரித்து மூன்றாண்டுக்குள் இருக்க வேண்டும், ஸ்டியரிங் வலப்புறம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகவே இறங்க வேண்டும். சுங்க வரியும் காரின் மதிப்பைத் தாண்டும். முதலிரண்டிலேயே உங்கள் கார் தவறிவிடுகிறது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, ரசீதுக் கோப்போடு விற்பனைக்கு வையுங்கள். கடைசி வாரத்தில் விற்றால் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டிவரும்.